ஆடாத படகு

ஜனவரி 7, ஞாயிறு

இன்று கல்லில் வழுக்கியது. அதை விழுந்தேன் என்று கற்பகம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தேங்காய்த்திட்டு துறைமுக வாயில் கொட்டிக் கிடக்கும் பாறைகள் மேல் இத்தனை வருஷமாக நின்று தூண்டில் போடுகிறவனுக்கு வழுக்குவது எது, விழுவது எது என்று தெரியாதா? செருப்பு புதுசு. அடியில் பிடிப்பே இல்லை. கடைக்காரனைப் போய்க் கேட்க வேண்டும்.

முழங்கையில் தோல் உரிந்ததுகூடப் பரவாயில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் என்னைப் பிடித்து ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். அதில் ஒருவன் என் வாயருகே மூக்கை நீட்டி மோந்து பார்த்தான். புதுச்சேரியில் ஒருத்தன் தள்ளாடினால் வேறு காரணம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? நான் பீர் பாட்டிலைத் திறந்துகூடப் பார்க்காதவன்.

கற்பகம் தீர்ப்பு சொல்லிவிட்டாள். "இனிமே அந்தக் கல்லுப் பக்கம் போனீங்கன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்." அவள் அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஆனாலும் மிரட்டல் மிரட்டல்தான்.

ஆகவே கயாக் வாங்கப்போகிறேன். நின்றால்தானே வழுக்கும்? சுண்ணாம்பாற்றில் டூரிஸ்டுகள் துடுப்பு போட்டுக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆள் உட்காரும் பிளாஸ்டிக் படகு. சமுக்காளத்தில் உட்கார்ந்த மாதிரி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தூண்டில் பாட்டுக்குத் தூண்டில். நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம், யாரும் என் முழங்கையைப் பிடிக்காத ஒரு மணி நேரம் வேண்டும்.

டாக்டர் தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார், கைக்கு நல்லதாம். எழுத எனக்கு என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது விஷயம் கிடைத்துவிட்டது.

ஜனவரி 9, செவ்வாய்

காபி டம்ளரின் விளிம்பு சரியில்லை. சட்டை மாற்றினேன்.

ஜனவரி 14, ஞாயிறு

போகி. ஊரே புகையில் இருக்க, நானும் தாரணியும் சுண்ணாம்பாற்றுக் கரையில் ரொசாரியோவின் கொட்டகைக்குப் போனோம். அவன் கயாக் வாடகைக்கு விடுகிறவன், விற்கவும் செய்கிறான். வாய் ஓயாத ஆள். காரைத் தாரணிதான் ஓட்டினாள். 'பூபாலன் டிரைவிங் ஸ்கூல்' பலகையில் இன்னும் என் பெயர்தான் இருக்கிறது. போன ஆடியிலிருந்து கற்றுக்கொடுப்பது என் மகள். கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று நானாகத்தான் விட்டுக்கொடுத்தேன்.

முதலில் ஒரு மஞ்சள் படகைக் காட்டினான். ஒல்லியாக, கூர்மூக்கோடு பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

"ஒக்காந்த ஒடனே ஆடுதேன்னு பயந்துடாதீங்க சார். இது ஆடும். ஆனா கவுறாது."

கவிழ்ந்தது. முழங்கால் தண்ணீரில், ரொசாரியோ பேசி முடிப்பதற்குள் கவிழ்ந்தது. தாரணி என்னைத் தூக்கி நிறுத்தினாள்.

"நீ ஒக்காந்து பாரு" என்றேன் அவளிடம். எனக்கு நியாயம் வேண்டியிருந்தது. ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஒற்றைக் கையால் எட்டு போட்டு, 'இது என்ன சர்க்கஸா' என்று இன்ஸ்பெக்டரிடம் திட்டு வாங்கியவள் அவள். உடம்புக்குள்ளேயே ரசமட்டம் வைத்துப் பிறந்த பெண். அவளுக்கு ஆடாவிட்டால் தப்பு என்னுடையது, அவளுக்கும் ஆடினால் தப்பு படகுடையது.

அலையாத்தி மரங்கள் வரை போனாள். திரும்பும்போது படகு ஒரு பக்கம் சாய்ந்து, சேற்றில் கை ஊன்றி நிமிர்ந்தாள்.

"பாத்தியா ரொசாரியோ? எம் பொண்ணுக்கே ஆடுது. படகு சரியில்லப்பா."

அவன் தலையைச் சொறிந்தான். தாரணி துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்தாள். எனக்கு ஏக சந்தோஷம். இனி இதுதான் முறை என்று முடிவு செய்துவிட்டேன். எந்தப் படகானாலும் முதலில் தாரணி உட்கார வேண்டும். அவள் பாஸ் போட்டால்தான் நான் உட்காருவேன்.

ஜனவரி 21, ஞாயிறு

வாரம் முழுக்க யூட்யூபில் கயாக்தான். கற்பகம் சீரியல் பார்க்க முடியாமல் அடுப்பங்கரையில் பாத்திரத்தை உருட்டினாள். எனக்குப் புரிந்தது இதுதான். ஆடுவது வேறு, கவிழ்வது வேறு. அகலமாய்த் தட்டையாய் இருக்கும் படகு, அசையாத தண்ணீரில் கல்லு மாதிரி நிற்கும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் சாய்ந்தால் சொல்லாமல் கொள்ளாமல் கவிழ்த்துவிடும். ஒல்லிப் படகு முதலிலேயே ஆடி எச்சரிக்கை கொடுக்கும், சாய்ந்தாலும் தாங்கும். வாழ்க்கையில் இப்படி எச்சரிக்கிறவர்களை யார் மதிக்கிறார்கள்? எனக்கும் தட்டைதான் பிடித்தது.

இன்று தட்டையாக இரண்டு பார்த்தோம். பச்சையில் தாரணி உட்கார்ந்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஒரு மோட்டார் படகு டூரிஸ்டுகளோடு கடந்து போயிற்று. அந்த அலையில் தாரணி தண்ணீருக்குள் போய்விட்டாள். லைஃப் ஜாக்கெட் இருந்ததால் உடனே மேலே வந்தாள். நீலத்தில் அவள் உட்கார்ந்திருந்தபோது விரல்கள் விளிம்பைப் பிடித்திருந்த பிடி எனக்குத் தெரியும். முதல் நாள் ஸ்டியரிங் பிடிக்கிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள்.

"இதுவும் சரியில்லப்பா" என்று அவளே சொன்னாள்.

"இந்த நீலத்துல எங்க அத்த ஒக்காந்து நண்டு வலை இழுக்கும் சார், அறுபது வயசு" என்றான் ரொசாரியோ. விற்கிறவன் வேறெப்படிப் பேசுவான்?

ஜனவரி 30, செவ்வாய்

தாரணி ஸ்கூட்டர் வகுப்பை நிறுத்திவிட்டாள். கார் மட்டும் போதுமாம். ஸ்கூட்டர் கற்க வரும் பெண்கள்தான் நம் ஸ்கூலுக்குச் சோறு போடுகிறார்கள். வியாபாரம் தெரியாத பெண். சொன்னால், "மேல விழுறாங்கப்பா, முதுகு வலிக்குது" என்கிறாள்.

காரின் இடது கதவில் நீளமாய்க் கோடு. கேட்டின் தூணை முனிசிபாலிட்டிக்காரன் சாலை போடும்போது நகர்த்திவிட்டான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஆஸ்பத்திரி. நானும் கற்பகமும் போனோம். அவள் மருந்துக் கவுண்டர் வரிசையில் நின்றிருந்த நேரத்தில் டாக்டர் கூப்பிட்டுவிட்டார்.

தரையில் ஒரு கோடு மேல் குதிகாலும் விரலும் தொட்டுத்தொட்டு நடக்கச் சொன்னார். எத்தனை பேரை நான் கோட்டுக்குள் ஓட்டச் சொல்லி அதட்டியிருப்பேன். நாலாவது அடியில் நர்ஸ் பிடித்துக்கொண்டாள். சிறுமூளை என்றார். மருந்து என்று தனியாக ஒன்றும் கிடையாது, பயிற்சி செய்யலாம், விழாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிறகு, "உங்கப்பா எப்படி நடப்பார்?" என்று கேட்டார்.

என் அப்பா நெட்டப்பாக்கத்தில் கள்ளின் வாசனைகூடத் தெரியாமல் வாழ்ந்தவர். கால்களை அகட்டி வைத்து, சுவரைத் தொட்டுத்தொட்டு நடப்பார். ஊர் முழுக்க அவருக்குக் குடிகாரன் என்றுதான் பெயர். அந்தப் பெயரோடுதான் போனார். சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டே, "பசங்க எத்தன பேரு?" என்றார்.

"ஒரே பொண்ணு."

"அடுத்த தடவ கூட்டிட்டு வாங்க."

எதற்கு என்று கேட்டேன். சொன்னார். அப்பாவைவிட எனக்குச் சீக்கிரம் வந்தது ஏன் என்றும் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை.

கற்பகத்திடம் விட்டமின் குறைவு என்று சொன்னேன். கீரை வாங்கி வந்திருக்கிறாள்.

பிப்ரவரி 8, வியாழன்

தாரணி மாடிப்படி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பிடியைப் பிடித்து இறங்கினாள். யார்தான் பிடிக்காமல் இறங்குகிறார்கள்?

பிப்ரவரி 11, ஞாயிறு

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். இப்போது எனக்கு மீன் முக்கியமில்லை. அவள் உட்கார்ந்து ஆடாத ஒரே ஒரு படகு கிடைக்க வேண்டும். கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் படகுகளின் கோளாறு என்று ஆகிவிடும். காலையில் அதற்காக மணக்குள விநாயகர் கோயிலில் தேங்காய்கூட உடைத்தேன். சாமி, நல்ல படகாகக் காட்டு என்று கேட்டேன். சாமிக்குப் புரிந்திருக்கும்.

ரொசாரியோ புதிதாக ஒன்று வரவழைத்திருந்தான். அடிப்பக்கம் இரண்டாகப் பிரிந்து, கட்டுமரம் இரண்டைச் சேர்த்து வைத்த மாதிரி இருக்கிறது. ஆரஞ்சு நிறம். நின்றுகொண்டே தூண்டில் போடலாமாம். தாரணி ஏறினாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். ஆற்றின் நடுவரைக்கும் போய் வந்தாள். கொஞ்சமும் ஆடவில்லை.

"ஆடலப்பா!" என்று அங்கிருந்தே கத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். ரொசாரியோ இன்னொரு படகில் ஒட்டினாற்போலவே போய் அவள் படகின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தான். சும்மா கை வைத்திருந்தான், அவ்வளவுதான்.

மூவருக்கும் பிரியாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

பிப்ரவரி 24, சனி

மாசி மகம். வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமி பார்க்கப் போனோம். கற்பகம் முன்னால் கும்பலுக்குள் புகுந்துவிட்டாள். மணலில் எனக்குக் கால் நிற்கவில்லை என்று தாரணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேளம் நெருங்கி வரக் கூட்டம் தள்ளியது. நான் அவள் மேல் சாய, அவள் என் மேல் சாய, இருவரும் ஒரு பூக்காரம்மாவின் கூடையருகே போய் விழுந்தோம்.

"சாமி வர்ற எடத்துக்கு அப்பனும் பொண்ணும் சேந்து ஏத்திக்கினு வந்துகிறாங்க பாரு" என்றாள் அந்த அம்மா.

என்னைச் சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டு போயிருப்பேன். "யாரப் பாத்து இன்னா பேசற?" என்று கை ஓங்கிக்கொண்டு போனேன். போன வேகத்தில் மறுபடி விழுந்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தாரணி என்னைத் தூக்கவில்லை. அவளும் மணலில் உட்கார்ந்தபடியே இருந்தாள். கூட்டம் குறையட்டும் என்றாள்.

மார்ச் 3, ஞாயிறு

நல்ல நாள். ஆரஞ்சுப் படகுக்கு இரண்டு பக்கமும் மிதவை மாட்டிக் கொடுத்தான் ரொசாரியோ. சின்னக் குழந்தையின் சைக்கிளுக்குப் பக்கச் சக்கரம் போடுவதைப் போல. மானம் கெட்ட வேலைதான், ஆனால் வேலை செய்கிறது. நான் தனியாகப் போனேன். கரை தள்ளிப் போய்விட்டது. கற்பகம் கரையில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே என்னைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். என் முழங்கை என்னிடமே இருந்தது.

மிதவையில் நூல் மூன்று தடவை சிக்கியது. கிடைத்தது ஒரு கெளுத்தி, அதுவும் பொடிசு. விட்டுவிட்டேன். என்ன ஒரு காற்று! தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறவன் ஆடினால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. அங்கே எல்லாமே ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்த முறை மிதவையைக் கழற்றிவிட்டு முகத்துவாரம் வரை போக வேண்டும். கொடுவா அங்கேதான் வரும்.

மார்ச் 10, ஞாயிறு

எழுத்து கோணுகிறது. பேனா சரியில்லை. ரொசாரியோ ஊரில் இல்லை. அடுத்த வாரம்.

மார்ச் 17, ஞாயிறு

காதில் இன்னும் உப்புத் தண்ணீர் இருக்கிறது. ஆனாலும் இதை இன்றே எழுதியாக வேண்டும்.

ஆற்றின் வாய்க்குப் பக்கத்தில் மணல் திட்டு. தாரணியும் ரொசாரியோவும் அங்கே நின்றார்கள். கற்பகம் வரவில்லை, அவளுக்குச் சொல்லவும் இல்லை. மிதவையைக் கழற்றச் சொன்னேன். ரொசாரியோ, "நங்கூரக் கயித்தப் பின்னால கட்டுங்க சார், பின்னால மட்டுந்தான்" என்று படித்துப்படித்துச் சொன்னான். சரி சரி என்றேன். எனக்குச் சொல்லிக்கொடுக்கிறான்!

கழுத்தைத் திருப்பிப் பின்னால் கை நீட்டினால் உலகமே சுற்றுகிறது. அதை அவனிடம் சொல்ல முடியுமா? ஆகவே உட்கார்ந்த இடத்திலேயே, இடுப்புக்குப் பக்கத்தில் இருந்த வளையத்தில் கட்டினேன். தண்ணீர் கடலுக்குள் வடிந்துகொண்டிருந்தது. நங்கூரம் பிடித்ததும் படகு குறுக்காகத் திரும்பியது. ஓட்டம் மொத்தமும் ஒரே பக்கத்தில் வந்து மோதியது. கயிறு அந்தப் பக்கத்தைக் கீழே இழுக்க, தண்ணீர் மடியில் ஏறியது. அவிழ்க்கப் பார்த்தேன். விரல் முடிச்சைத் தேடிக்கொண்டே இருந்தது. பிறகு நான் தண்ணீருக்குள் இருந்தேன்.

மார்பளவுதான் ஆழம். யாரும் நின்றுவிடுவார்கள். எனக்கு நிற்க முடியவில்லை. கவிழ்ந்த படகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாயில் உப்புத் தண்ணீரோடு திட்டைப் பார்த்தேன்.

ரொசாரியோ தன் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். தாரணி ஓடி வந்தாள். தண்ணீர் வடிந்து இறுகிய மணல், சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும். அதில் ஒரு கல் கிடையாது, பள்ளம் கிடையாது. கால்களை அகட்டி அகட்டி வைத்து ஓடி வந்தாள். நேராக வரவில்லை. என்னைப் பார்த்து ஓடியவள் இடது பக்கமாகப் போனாள், திருத்திக்கொண்டாள், மறுபடி போனாள். விழுந்தாள். எழுந்தாள். மறுபடி விழுந்தாள். கைகளை ஊன்றித் தவழ்ந்து எழுந்தாள்.

அவளுக்குக் கீழே படகு இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீரில் கிடக்கிறவன் வேறென்ன செய்ய முடியும்? நான் கத்தினேன் என்று ரொசாரியோ பிறகு சொன்னான். "ஓடாதம்மா, ஓடாத" என்று கத்தினேனாம்.

அவன்தான் என்னை இழுத்துப் போட்டான். தாரணி இடுப்பளவு தண்ணீரில் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். முட்டியில் மணல் ஒட்டி ரத்தம் கசிந்தது. நான் அந்த முட்டியையே பார்ப்பதைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தாள்.

"மணலு சரியில்லப்பா."

"ஆமாம்மா. மணலு சரியில்ல" என்றேன்.

மார்ச் 18, திங்கள்

ஸ்கூலுக்கு லீவு. படகு கவிழ்ந்தது தெரிந்து கற்பகம் கோபத்தோடு ரேஷன் கடைக்குப் போய்விட்டாள். தாரணி முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன். எத்தனை பேருக்கு எவ்வளவு பேசியிருக்கிறேன். வாயைத் திறந்தால் என் தாத்தாவுக்கு, உன் தாத்தாவுக்கு என்று உளறினேன்.

"தாத்தா குடிக்கல. அதானே சொல்ல வர்ற?" என்றாள்.

அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். போன வருஷம் எடுத்த என் ஸ்கேன் ரிப்போர்ட்டில் கேள்விக்குறியோடு இருந்த பெயரை அப்போதே ஃபோனில் தேடிப் படித்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு வருமா, வந்தால் இன்னும் சீக்கிரம் வருமா என்ற இடம் வரைக்கும் படித்திருக்கிறாள்.

"அப்புறம் ஏன் எங்கூட ஒவ்வொரு படகுலயும் ஏறுன?"

"நீ ஏறச் சொன்ன. நானும் பாத்துக்கிட்டேன்." துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "ஒவ்வொரு வாட்டியும் நீ படகு சரியில்லன்னு சொல்லுவியா, வீட்டுக்கு வர்ற வரைக்கும் அது உண்மையாவே இருக்கும். நல்லா இருக்கும்பா."

நான் அழுதேன். மறைக்கவில்லை. அவள் அழவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து. டாக்டர் கூட்டிவரச் சொன்னதைச் சொன்னேன். வியாழக்கிழமை போவோம் என்றாள். அம்மாவுக்கு என்ன சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

ரொசாரியோ ஃபோன் செய்தான். ஆரஞ்சுப் படகை வேறொருவர் கேட்கிறாராம், நமக்கு வைக்கட்டுமா, இல்லை இரண்டு பேர் உட்காரும் பெரிய படகு ஒன்று இருக்கிறது, பாப்பாவும் கூட வரலாமே என்றான். ஸ்பீக்கரில் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

"ஏம்ப்பா? ரெண்டு பேர் ஒக்கார்றது நல்லதுதானே?"

"ஒருத்தராவது ஆடாம இருக்கணும்மா அதுக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. இத்தனை வாரத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

 அப்புறம் என் ஃபோனை எடுத்து ரொசாரியோவை அவளே கூப்பிட்டாள். ஆரஞ்சை யாருக்கும் கொடுக்காதீங்க, அதே மாதிரி இன்னொன்னும் வேணும், ரெண்டுக்கும் மிதவை மாட்டிடுங்க என்றாள்.

"தனித்தனியாப் போவோம்ப்பா. நீ முன்னாடி போ. எப்படிப் போறன்னு பாத்துக்கிட்டே நான் பின்னாடி வர்றேன்."

சரி என்று சொன்னேன்.  வரும் ஐப்பசியில் அவளுக்கு இருபத்தாறு முடிகிறது.